நூலில் கட்டிய பென்சில்

“கேண்டீன் ஒப்பந்தத்தை எடுங்க. நான் படிக்கணும்.”

விபெக்கெ ராவ்ன் கையிலிருந்த காபிக் கோப்பை, உதட்டுக்குப் போகிற வழியில் நின்றுவிட்டது.

“உனக்கு நான் என்ன சொல்லியிருக்கேன், மாரென்?”

“அதை மட்டும் கேக்கக் கூடாதுன்னு.”

“அப்புறம்?”

“கேட்டுட்டேன்.”

வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிஷம். ஓர்ஹுஸ் துறைமுகத்தைப் பார்த்த ஐந்தாவது மாடி அறை. ஓய்வூதிய நிதிக் கண்காணிப்பு வாரியத்தின் நிர்வாகத் தலைவி விபெக்கெ. ஆள் எடுப்பது, ஆளைக் குறைப்பது, கார், சாவி, தபால், மத்தியானச் சாப்பாடு எல்லாம் அவர் கையில்.

மாரென் ஸ்லோத்துக்கு வயது இருபத்தெட்டு. வாரியத்தின் உள் தணிக்கைப் பிரிவு அவள்தான். கதவில் பிரிவு என்று பலகை தொங்கியது. உள்ளே ஒரு நாற்காலிதான் இருந்தது. போன வருஷம் கேண்டீனை வெளிக் கம்பெனியிடம் ஒப்படைத்த அன்று விபெக்கெ அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். நீ எதை வேணாலும் கேளு, என் சம்பளச் சீட்டைக்கூடக் கேளு, அந்த ஒப்பந்தத்தை மட்டும் எப்பவும் கேக்காதே. மாரென் அன்றைக்குத் தலையாட்டினாள். நிரந்தர வேலை கிடைத்து மூன்று வாரம்கூட ஆகாதவள் வேறு எதை ஆட்டுவாள்?

“எதுக்கு அது உனக்கு?” என்றார் விபெக்கெ.

“மூணு ஊர் நிதி ஆபீஸுக்கு நம்ம ஆய்வாளர்கள் திடீர் ஆய்வுக்குப் போனாங்க. கோல்டிங், விபோர், ஹோர்சென்ஸ். மூணு இடத்துலயும் பேப்பர் எல்லாம் காணாமப் போயிருந்துச்சு. சாப்பாடு மட்டும் தயாரா இருந்துச்சு. அதான், சாப்பாட்டைப் பத்தின பேப்பரைக் கேக்கறேன்.”

உண்மைதான். காலை எட்டு மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே நுழைந்த நாலு ஆய்வாளர்களுக்கு, மாப்பிள்ளை வீட்டாருக்கு வைப்பதுபோல மேஜை போட்டு வைத்திருந்தார்கள். நாலு கோப்பை, நாலு தட்டு, சூடான ரொட்டி. அதிலும் ஒன்று கோதுமை இல்லாத ரொட்டி, தனியாகக் காகிதத்தில் சுற்றி வைத்தது. ஆய்வாளர்களில் லௌரிட்ஸ் என்பவருக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது. பீரோக்களோ, நேற்று வாங்கியவை மாதிரிப் பளிச்சென்று காலியாக இருந்தன.

“அதுக்குத்தான் ஆளைக் கண்டுபிடிச்சாச்சே” என்றார் விபெக்கெ. “கார் ஏற்பாடு செய்யறது யாரு? பிர்கித். லௌரிட்ஸோட வயிறு யாருக்குத் தெரியும்? பிர்கித்துக்கு. பன்னெண்டு மணிக்கு அவங்க மேல விசாரணை. அதுல உன் வேலை ஒரே ஒரு பக்கம். ‘உள் தணிக்கைக்கு ஆட்சேபணை இல்லை.’ கீழே கையெழுத்து. போட்டுட்டு, கேக் சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போ.”

“பிர்கித் முப்பத்தொரு வருஷமா இங்க இருக்காங்க.”

“அதான் சொல்றேன், எல்லார் வயிறும் தெரியும்னு.”

ஒப்பந்தம் கிடைக்கவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய பக்கம்தான் கிடைத்தது. மாரென் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வராந்தாவில் தபால் டிராலியின்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு எஸ்கில் நின்றிருந்தார். ஐம்பத்தெட்டு வயது. சேவைப் பிரிவில் முன்பு ஆறு பேர். இப்போது இவரும் பிர்கித்தும் மட்டும். டிராலியின் மேல்தட்டில் கடிதங்கள், கீழ்த்தட்டில் ஒரு லவங்கப்பட்டை கேக். இந்த வெள்ளிக்கிழமை கேக் அவர் முறை.

அவர் கையில் ஒரு ஸ்டாப்வாட்ச்.

“ரெண்டு நிமிஷம் பதினோரு செகண்ட்” என்றார். “போன தடவை ஒண்ணரை நிமிஷத்துல துரத்திட்டாங்க. முன்னேற்றம்தான், பட்டதாரியம்மா.”

“அதைத் தூக்கிப் போடுங்க எஸ்கில்.”

“எப்படிப் போடறது? இதை வச்சுத்தானே என்னை அளந்தே. ஒரு கடிதம் கொடுக்க நாப்பத்திரண்டு செகண்டுன்னு எழுதுனியே. அதுல பதினெட்டு செகண்டு என் சிரிப்புக்கு ஆகுதுன்னு வேற.”

இரண்டு வருஷம் முன்பு வாரியத்தில் அவளுக்குக் கொடுத்த முதல் வேலை அது. சேவைப் பிரிவில் யார் என்ன செய்கிறார்கள், எத்தனை நிமிஷம் ஆகிறது, எந்த வேலை வேண்டாதது என்று அளந்து அறிக்கை எழுதினாள். தீபொரோன் மீன் தொழிற்சாலையில் மீன் சீவுகிற குடும்பத்திலிருந்து பல்கலைக்கழகம் பார்த்த முதல் ஆள். அறிக்கையை எல்லாரும் பாராட்டினார்கள். அவள் வேலை நிரந்தரமானது. நாலு பேர் வேலை போனது.

“விசாரணைக்கு ரெண்டே முக்கால் மணி நேரம் இருக்கு” என்றாள். “சொன்னது பிர்கித் இல்லைன்னு காட்டணும். ‘கசியவிட்டவள்’னு ஒரு வார்த்தை பேருக்குப் பக்கத்துல ஏறிடுச்சுன்னா, ஐம்பத்தொன்பது வயசுல ஒரு பள்ளிக்கூடச் சமையலறைகூட அவங்களைச் சேர்க்காது.”

“காட்டறதுக்கு என்கிட்ட ஒண்ணு இருக்கு. ஆனா அது ஒரு ரொட்டி. பரவாயில்லையா?”

“என்ன ரொட்டி?”

“ஹோர்சென்ஸ் ரொட்டி. காலையில காபி மெஷின் பக்கத்துல நம்ம ஆய்வாளர் யோன்னா புலம்பிக்கிட்டு இருந்தா. ‘கோதுமை இல்லாத ரொட்டியை என் தட்டுல வச்சுட்டானுங்க, மரத்தூளைத் தின்ன மாதிரி இருந்துச்சு’ன்னு.”

மாரென் நின்றாள். “யோன்னா ஏன் அதைத் தின்னா? லௌரிட்ஸ் எங்க?”

“லௌரிட்ஸ் போகவே இல்லை. திங்கட்கிழமை சாயங்காலம் அவன் பொண்ணுக்கு அம்மை போட்டுடுச்சு. பிள்ளைக்கு முடியலைன்னா லீவு உண்டே, செவ்வாய்க்கிழமையிலேருந்து அவன் வீட்டுல. புதன்கிழமை ஹோர்சென்ஸுக்கு அவனுக்குப் பதிலா யோன்னா.”

“கார் சீட்டு பிர்கித் கைக்கு எப்ப வந்துச்சு?”

“முத்திரை போட்ட கவர்ல, ஆய்வுக்கு முந்தின நாள் காலை பத்து மணிக்கு. எப்பவும் அப்படித்தான். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன், நாப்பத்திரண்டு செகண்டுல.” அவர் டிராலியின் அடித்தட்டைக் கிளறி ஒரு இளஞ்சிவப்புச் சீட்டை உருவினார். “இதோ நகல். நாலு பேர் பேர் இருக்கு. லௌரிட்ஸ் இல்லை. யோன்னாதான்.”

மாரென் அதை இரண்டு தடவை படித்தாள். ஆய்வு நடக்கப்போகிறது என்பதே பிர்கித்துக்குச் செவ்வாய்க்கிழமைதான் தெரிந்திருக்கிறது. தெரிந்தபோதே யோன்னா பெயரோடுதான் தெரிந்தது. பிர்கித் ஹோர்சென்ஸுக்குச் சொல்லியிருந்தால், கோதுமை இல்லாத ரொட்டிக்கு அங்கே வேலையே இல்லை.

“அப்ப தகவல் திங்கட்கிழமை சாயங்காலத்துக்கு முன்னாடியே போயிடுச்சு” என்றாள். “லௌரிட்ஸ் வரப்போறான்னு நம்புன ஒரு இடத்துலேருந்து.”

“அதைத் தெரிஞ்சவங்க நாலு ஆய்வாளரும் வாரியத் தலைவரும்தான். அஞ்சு பேரும் இரும்புப் பெட்டி. கல்யாண நாளைக்கூடப் பொண்டாட்டிகிட்ட சொல்லாத ஆளுங்க.”

“அங்க பேர் எழுதின அட்டை ஏதாவது இருந்துச்சா? ‘வருக லௌரிட்ஸ்’னு?”

“இல்லை. நாலு கோப்பை, ஒரு மரத்தூள்.”

“அதான் எஸ்கில். சொன்ன இடத்துக்கு ஆளுங்களைத் தெரியாது. தலையை எண்ணத் தெரியும், வயித்தைத் தெரியும். லௌரிட்ஸை வெறும் வயிறா மட்டும் தெரிஞ்சு வச்சிருக்கறது யாரு?”

எஸ்கில் டிராலியைத் தள்ள ஆரம்பித்திருந்தார். “லிஃப்ட்ல போவோம். கேக் படியில இறங்காது.”

கேண்டீன் தரைத்தளத்தில். சமையல்காரி பெந்தெ பெரிய அண்டாவில் உருளைக்கிழங்கைக் கொட்டிக்கொண்டிருந்தாள். வெளிக் கம்பெனியின் ஆள். ஐந்தாவது மாடியிலிருந்து யார் வந்தாலும், உப்பு அதிகமாகிவிட்டதோ என்று முகம் வெளுத்துப்போகும்.

“உப்பு சரியாத்தான் இருக்கு” என்று எஸ்கில் முந்திக்கொண்டார். “இந்தா, கேக்குல ஒரு துண்டு. இந்தம்மா கேக்கறதுக்குப் பதில் சொல்லு.”

கேண்டீன் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இடது பக்கம் வாரியத்தின் எல்லாப் பெயர்களும், மேலே திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து கட்டங்களும். பக்கத்தில் ஆணியிலிருந்து நூலில் ஒரு பென்சில் தொங்கியது. அடுத்த வாரம் எந்த நாள் சாப்பாடு வேண்டாமோ, அந்தக் கட்டத்தில் வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் பெருக்கல் குறி போட வேண்டும். மாரெனும் வாராவாரம் அதைப் பார்க்கிறாள். வெளியூர் போகிற வேலை இல்லாததால் ஒரு வாரமும் குறி போட்டதில்லை.

“பழைய தாளெல்லாம் வச்சிருக்கியா, பெந்தெ?”

பெந்தெ கதவுக்குப் பின்னால் கையை நீட்டினாள். கம்பியில் குத்திய ஒரு கட்டு வந்தது. மாரென் ஹோர்சென்ஸ் வாரத்தைத் தேடி எடுத்தாள். விரலை வரிசை வரிசையாக இறக்கினாள். லௌரிட்ஸ், புதன்கிழமை.

பெருக்கல் குறி இல்லை. கட்டத்துக்குள் சின்னதாக, சுத்தமான கையெழுத்தில் ஓர் எழுத்து: ‘ஹோ’.

மற்ற மூன்று ஆய்வாளர்களுக்கும் அதே புதன், அதே ‘ஹோ’.

“இது என்ன?”

“அதுவா? தட்டு மாத்தறது” என்றாள் பெந்தெ. “எங்க கம்பெனிக்கு நிறைய ஊர்ல கேண்டீன் இருக்கில்ல? உங்க ஆளுங்க அந்த ஊருக்குப் போனா, இங்க அவங்க தட்டு வீணாப் போகக் கூடாது. ஊர் பேரோட எழுத்தைப் போட்டுட்டா, அவங்க சாப்பாடு அந்த ஊர் கேண்டீனுக்குப் போயிடும். நான் இந்தத் தாளைப் பன்னெண்டு மணிக்குப் போட்டோ எடுத்து அனுப்பிடுவேன். திங்கட்கிழமை காலையில அந்த ஊர் கேண்டீன் கதவுல ஒட்டிடுவாங்க. ‘புதன்கிழமை ஓர்ஹுஸ் வாரியத்துலேருந்து நாலு பேர், ஒருத்தருக்குக் கோதுமை ஆகாது’ன்னு.”

“ஹோர்சென்ஸ்ல உங்க கேண்டீன் எந்தக் கட்டடத்துல இருக்கு?”

“அந்த ஓய்வூதிய நிதி ஆபீஸ்லதான். கோல்டிங்லயும், விபோர்லயும் அதே மாதிரிதான்.” பெந்தெ இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “தப்பா ஏதாவது செஞ்சுட்டேனா? அவங்க ரொம்ப நேர்மையானவங்கம்மா. ஆய்வுக்குப் போற இடத்துல அவங்க சோத்துல கை வைக்கக் கூடாதாம். அதுக்காகத்தான் தங்களோட தட்டையே முன்னாடி அனுப்பிடறாங்க.”

எஸ்கில் டிராலியைப் பிடித்துக்கொண்டார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு சிரிப்பு, அப்புறம் இருமல், கண்ணில் தண்ணீர்.

“ரெண்டு சாவி போட்ட பீரோ. முத்திரை வச்ச கவரு. தலைவர் டெலிபோன்ல ஊர் பேரைக்கூடச் சொல்ல மாட்டார். கடைசியில பார்த்தா, இந்த உத்தமனுங்க நூல்ல கட்டின பென்சிலை எடுத்து… ஐயோ, என் நெஞ்சு வலிக்குது.”

மாரென் சிரிக்கவில்லை. லஞ்சம் வாங்குகிற நாட்டில் இப்படி நடந்திருக்காது என்று நினைத்தாள். அங்கே ஆய்வாளன் போன இடத்தில் மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டு வந்திருப்பான், ரகசியமாவது மிஞ்சியிருக்கும். அடுத்தவன் ரொட்டியைத் தொடாத நேர்மை, ஒரு உருளைக்கிழங்கு வீணாகக் கூடாது என்கிற சிக்கனம். இரண்டும் சேர்ந்து மூன்று ஓய்வூதிய நிதிகளைத் தப்பவிட்டிருந்தன. நாலு பேரில் ஒருவருக்கும் எதையோ வெளியே சொல்கிறோம் என்று தோன்றியிருக்காது. விதியின்படி ஓர் எழுத்துப் போட்டார்கள், அவ்வளவுதான்.

“இந்தத் தட்டு மாத்தற விதியை யார் கொண்டுவந்தது, பெந்தெ?”

“ஒப்பந்தத்துலயே இருக்கேம்மா.”

“ஒப்பந்தம் எங்க இருக்கு?”

“அதோ, பாத்திரம் கழுவற மெஷின் பக்கத்துல. சுகாதார ஆய்வாளர் வந்தா காட்டணும்ல?”

ஐந்தாவது மாடியில் பூட்டி வைத்திருந்த ரகசியம், தரைத்தளத்தில் பிளாஸ்டிக் உறைக்குள், குழம்புத் தெறிப்போடு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மாரென் புரட்டினாள். ஒன்பதாம் பிரிவு, தட்டு இடமாற்றம். நாலு வரி. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. அதைப் படித்தாள். திரும்பவும் படித்தாள்.

எஸ்கில் இருமலை அடக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். “என்ன போட்டிருக்கு?”

அவள் உறையை அவரிடம் நீட்டினாள்.

*சேவைப் பிரிவுச் சீரமைப்பு அறிக்கை, பக்கம் 14-இன் பரிந்துரைப்படி. தயாரித்தவர்: மாரென் ஸ்லோத்.*

எஸ்கில் படித்துவிட்டு உறையைத் திரும்ப ஆணியில் மாட்டினார்.

பக்கம் பதினாலு அவளுக்கு ஞாபகம் வந்தது. நாற்பது பக்க அறிக்கையில் ஒரு சின்னப் பத்தி. முன்பெல்லாம் வெளியூர் போகிற ஆய்வாளர்களுக்கு பிர்கித் காலையில் தானே கம்பு ரொட்டியில் ஈரல் விழுது தடவி, நாலு பொட்டலம் கட்டிக் காருக்குள் வைத்துவிடுவார். பட்டியல் கிடையாது, எழுத்து கிடையாது. மாரென் ஸ்டாப்வாட்ச்சோடு பக்கத்தில் நின்று அளந்தாள். பொட்டலம் கட்ட பதினாலு நிமிஷம். தேவையற்ற வேலை. மாற்று யோசனை: தட்டு இடமாற்றம். மீன் வாலைக்கூடக் குப்பையில் போடாத வீட்டில் வளர்ந்தவள் எழுதிய பத்தி. அதற்காகப் பெருமைகூடப் பட்டிருந்தாள்.

ஒரு ரகசியத்தைக் காப்பாற்ற வாரியத்துக்கு ஆன செலவு பதினாலு நிமிஷம். அதை அவள் மிச்சம் பிடித்துக் கொடுத்துவிட்டாள்.

இரண்டாம் மாடியில் சேவைப் பிரிவு அறை. ஆறு மேஜைகளில் நாலு காலி. பிர்கித் ஒரு அட்டைப் பெட்டிக்குள் செடித்தொட்டியையும் பிறந்தநாள் மேஜைக்கொடியையும் வைத்துக்கொண்டிருந்தார். மாரென் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ரொட்டி, பென்சில், பக்கம் பதினாலு.

பிர்கித் செடியின் காய்ந்த இலையைக் கிள்ளினார்.

“பதினாலு நிமிஷம்” என்றார். “நீதானே எண்ணுனே.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“பொட்டலம் நின்ன மாசமும் கோல்டிங் ஆய்வு நடந்த மாசமும் ஒண்ணுதான்னு கூடவா எனக்குத் தெரியாது?”

“அப்ப ஏன் சொல்லலை?”

“அன்னிக்கே சொன்னேனே. யார் எங்க போறாங்கன்னு சாப்பாட்டுத் தாள்ல ஏத்தாதே பொண்ணேன்னு உன்கிட்டதான் சொன்னேன். நீ குறிச்சுக்கிட்டே. அப்புறம் அறிக்கையில பார்த்தா, ‘இப்பணியாளர் மாற்றத்தை எதிர்க்கிறார்’னு எழுதியிருந்தே.”

மாரெனுக்கு அந்த வரியும் ஞாபகம் இருந்தது.

“பிர்கித், நான்…”

“மன்னிப்பு கேக்கப் போறியா? அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? இந்தப் பெட்டியில இடம் இல்லை.” அவர் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. “நீ கையெழுத்துப் போட்டாலும் போடாட்டியும் நான் போகத்தான் போறேன். போறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். முப்பத்தொரு வருஷத்துல நான் வெளியில ஒரு வார்த்தை பேசினதில்லை. என் புருஷன் செத்துப்போனார், அவருக்கே தெரியாது, நான் இங்க யாருக்கெல்லாம் பொட்டலம் கட்டுனேன்னு.”

கதவருகே நின்ற எஸ்கில் டிராலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாரென் காலி மேஜை ஒன்றில் உட்கார்ந்தாள். சட்டைப் பையிலிருந்து விபெக்கெ கொடுத்த பக்கத்தை எடுத்தாள். அதைத் திருப்பிப்போட்டு, வெற்றுப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். இருபது நிமிஷம் எழுதினாள். முடித்ததும் எஸ்கிலிடம் கொடுத்தாள். அவர் படித்தார், படிக்க எத்தனை செகண்ட் ஆனது என்று சொல்லவில்லை.

“நிச்சயமா?” என்றார்.

“உங்க பதிவு முத்திரை எங்க?”

பதினொன்று நாற்பதுக்குத் தரைத்தளத்தில் ஒரு நிமிஷ வேலை இருந்தது. அதை முடித்துக்கொண்டு அவள் ஐந்தாவது மாடிக்கு ஏறினாள்.

“கையெழுத்து ஆச்சா?” என்றார் விபெக்கெ.

“கோல்டிங் முடிஞ்சப்பவே உங்களுக்குத் தெரியும் இல்ல? பக்கம் பதினாலு.”

விபெக்கெ மறுக்கவில்லை. எழுந்து கதவைச் சாத்தினார்.

“விபோருக்கு அப்புறம்தான் உறுதியாத் தெரிஞ்சுது. உட்காரு. உன்னை ஒப்பந்தத்தைக் கேக்காதேன்னு சொன்னப்ப அதுல இருந்தது நீ எழுதின வரிங்கதான். ஆளைக் குறைச்ச பேரு உனக்கு வந்தா இந்தக் கட்டடத்துல உன்கூட ஒருத்தரும் காபி குடிக்க மாட்டாங்கன்னுதான் அன்னிக்குச் சொன்னேன். அப்புறம் இது வந்துச்சு.”

“அப்ப பிர்கித்?”

“ஒண்ணாம் தேதியோட அந்தப் பதவியே இல்லை. உன் அறிக்கையில பக்கம் இருபத்திரண்டு, ரெண்டாம் கட்டம். எஸ்கிலும் அப்படித்தான். யார் என்ன செஞ்சாலும் பிர்கித் போறாங்க.”

“எப்படியும் போறவங்களுக்கு ஏன் இந்தப் பட்டம்?”

“யோசிச்சுப் பாரு. நீதான் படிச்சவளாச்சே. கசியவிட்டது ஒரு ஆளுன்னா, ஆளை அனுப்பிட்டோம், ஓட்டை அடைஞ்சுபோச்சு. நம்ம முறையே ஓட்டைன்னா? மூணு நிதியும் கோர்ட்டுக்குப் போகும். இத்தனை வருஷமா செஞ்ச ஆய்வெல்லாம் கேள்விக்குறி. இந்த வாரியத்தையே மூடச் சொல்லுவாங்க. முன்னூறு பேர்.” அவர் குரல் இறங்கியது. “நான் கெட்டவ இல்லை மாரென். கணக்குப் போட்டேன். போகப் போற ஒருத்தர் மேல போட்டேன். நீயும் அதேதான் செஞ்சே, ஸ்டாப்வாட்ச் வச்சு.”

விபெக்கெ மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

“திங்கட்கிழமையிலேருந்து உனக்குக் கீழே ரெண்டு பேர். நிஜமான பிரிவு. உன் அம்மாகிட்ட சொல்லு, சந்தோஷப்படுவாங்க. அந்தப் பக்கத்தைக் கொடு.”

“அது என்கிட்ட இல்லை.”

“எங்க?”

“பதிவேட்டுல.”

விபெக்கெயின் முகம் முதல் தடவையாக வெளுத்தது. பதிவு எண் விழுந்த காகிதத்தை இந்த நாட்டில் தலைவர் நினைத்தாலும் திரும்ப எடுக்க முடியாது. கேட்கிற எவனுக்கும் காட்டியாக வேண்டும்.

“பதினொண்ணு முப்பத்தொண்ணுக்கு எஸ்கில் முத்திரை குத்தினார்” என்றாள் மாரென். “ஒரு நகல் யூனியன் ஆள் கையில, விசாரணை அறையில இருக்கு. தகவல் கசிஞ்சது பக்கம் பதினாலால. எழுதினது நான். எச்சரிச்சது பிர்கித். எச்சரிக்கையை நான் எப்படித் திரிச்சு எழுதினேன்கறதும் இருக்கு.”

“பைத்தியமா நீ? அவங்க வேலை மிஞ்சப் போறதில்லை!”

“தெரியும்.”

“உன் வேலையும்.”

“தெரியும்.”

“அந்த மூணு நிதியில ஒருத்தனும் மாட்டப் போறதில்லை. யாருக்கு என்ன லாபம்?”

“பிர்கித் பேருக்குப் பக்கத்துல ஒரு வார்த்தை குறையும்” என்றாள் மாரென். “அவ்வளவுதான்.”

அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி, ஆறிப்போன காபிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

விசாரணை அறையின் கண்ணாடிச் சுவர் வழியாக பிர்கித் தெரிந்தார். யூனியன் ஆள் ஏதோ காகிதத்தைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். பிர்கித் மடியில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். மாரென் அந்தப் பக்கம் நடந்துபோவது தெரிந்திருக்கும். நிமிர்ந்து பார்க்கவில்லை.

லிஃப்ட் வாசலில் எஸ்கில் நின்றார். கேக் ஒரு துண்டு மிச்சம், காகிதத்தில் சுற்றியிருந்தது.

“பொட்டலம்” என்றார். “கட்ட எவ்வளவு நேரம் ஆச்சுன்னு கேக்காதே.”

அவள் வாங்கிக்கொண்டாள்.

தரைத்தளத்தில், வாசலுக்குப் போகிற வழியில் கேண்டீன் கதவு. பன்னிரண்டு அடிக்க இன்னும் இரண்டு நிமிஷம். உள்ளே பெந்தெ போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க, தாளுக்கு முன்னால் லௌரிட்ஸ் அவசரமாகக் குனிந்திருந்தார். நல்ல மனிதர். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

“மாரென், அடுத்த வாரம் அஞ்சு நாளும் பெருக்கல் போட்டிருக்கே? லீவா?”

“தட்டு வீணாகக் கூடாதில்ல” என்றாள் அவள்.

அவர் தலையாட்டிவிட்டு மறுபடி தாளுக்குத் திரும்பினார். தன் வரிசையில், செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில், சுத்தமான கையெழுத்தில் ஓர் எழுத்தை எழுதினார்: ‘ரா’. ராண்டர்ஸ். அங்கேயும் ஓர் ஓய்வூதிய நிதி இருந்தது.

“லௌரிட்ஸ், அதை அழிங்க.”

“ஏன்? தப்பா?” அவர் பென்சிலைத் திருப்பிப் பார்த்தார். அதன் முனையில் ரப்பர் இல்லை, நூலிலும் இல்லை. “அழிக்க ஒண்ணும் இல்லையே. மேல கோடு போட்டா, சாப்பாடே வேணாம்னு ஆயிடும்.”

பெந்தெ போனைத் தூக்கிப் பிடித்தாள். தாள் ஒருமுறை வெளிச்சத்தில் வெளுத்தது.

மாரென் வெளிக்கதவைத் தள்ளினாள். துறைமுகத்துக் காற்று முகத்தில் அறைந்தது. அவள் கேக் பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள், காலையில் மடித்த பக்கம் இருந்த இடத்தில் வைத்துக்கொண்டு நடந்தாள்.